மச்சில் கிடந்த ஆல்பம்: தபால்தலை சேகரிப்பை மறுபடியும் தொடங்குபவர்களுக்கு

ஆச்சி காலமான பிறகு அம்பாசமுத்திரத்து வீட்டை ஒழுங்கு செய்யப் போயிருந்தோம். மச்சில் ஒரு டிரங்குப் பெட்டி. மேலே பித்தளைச் சாமான், நடுவில் பழைய பஞ்சாங்கங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் என் ஸ்டாம்பு ஆல்பம். ஆறாம் வகுப்பில் தொடங்கி, பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் மூடி வைத்தது. அட்டையைத் திறந்ததும் அதே பழைய பசை வாசனை. 'மாகியார் போஸ்டா' என்று நீல மையில் நான் எழுதிய தலைப்பு மங்காமல் இருந்தது. மச்சுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதற்குள் எதையெல்லாம் சரியாகச் செய்தேன், எதைத் தெரியாமல் கெடுத்தேன் என்பதை, இப்படி ஓர் ஆல்பத்தோடு நிற்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் சொந்த வீடோ சொந்தக்காரர் வீடோ உள்ளவர்களை நினைத்தே எழுதுகிறேன். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகக் கடிதம் வந்து இறங்கிய சீமை இது. நம் பரண்களில் இருக்கும் தாள்கள் எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காதவை.

முதலில் கத்தரிக்கோலை எடுத்து வையுங்கள்

சின்ன வயதில் நாம் எல்லோரும் செய்த காரியம் ஒன்று உண்டு. உறையிலிருந்து தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூர எறிவது. என் தாத்தாவின் அண்ணன் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். அவர் போட்ட கடிதங்களைத் தாத்தா ஒரு கம்பியில் குத்திப் பட்டாசல் சுவரில் தொங்கவிட்டிருந்தார். அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த கடிதக் கம்பிதான். ஒரு கோடை லீவில் அந்தக் கம்பி முழுவதையும் நான் காலி செய்தேன். முப்பது, நாற்பது உறைகள் இருக்கும். தலைகள் ஆல்பத்துக்குப் போயின, உறைகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

அந்தத் தலைகளை இன்று விற்றால் ஒவ்வொன்றுக்கும் சில ரூபாய் கிடைக்கும், அவ்வளவுதான். எரிந்துபோன உறைகளில்தான் எல்லாம் இருந்தது: அவர் குடியிருந்த தெரு, கடிதம் புறப்பட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி, தாத்தாவின் பெயரை அவர் எழுதுகிற விதம். இந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன்.

1970க்கு முந்தைய உறை, வெளிநாட்டு உறை, போர்க்காலத்தில் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து ஒட்டிய சீட்டு உள்ள உறை, கட்டணம் போதாமல் வாங்கியவரிடம் காசு வசூலித்த முத்திரை உள்ள உறை, இவற்றில் எதையும் வெட்ட வேண்டாம். கம்பி குத்திய ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, மடிந்து கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. தலை, அதன் மேல் விழுந்த முத்திரை, முகவரி மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது பயணம் செய்த கடிதம். சேகரிப்பவர்கள் இதை அஞ்சல் வரலாறு என்று தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். சமீபத்திய, சாதாரண உறை என்றால் தலையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுத் தாளோடு வெட்டிக்கொள்ளலாம். தலையின் ஓரத்தில் இருக்கும் பல்லை ஒட்டி வெட்டக் கூடாது.

கடைக்குப் போகும் முன் வீட்டைத் தேடுங்கள்

பரண், அரங்கு வீட்டு மரப்பெட்டி, பத்திரங்கள் வைத்த தகர டப்பா, கணக்கு நோட்டுகளின் நடுப்பக்கம், சாமி படத்துக்குப் பின்பக்கம். பெரியவர்கள் இருந்தால் அவர்களை உட்கார வைத்துத் தேடுங்கள். எந்தக் கடிதம் யார் போட்டது என்று சொல்ல இன்னும் சில வருஷத்துக்கு அவர்கள்தான் இருப்பார்கள். சொல்லச் சொல்ல ஒரு துண்டுத் தாளில் எழுதி உறையோடு வைத்துவிடுங்கள். உறையின் மேல் எழுத வேண்டாம்.

செங்கோட்டைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அங்கே அஞ்சல் என்ற பெயரிலேயே சமஸ்தானத்துக்குத் தனித் தபால் ஏற்பாடு நடந்தது. 1888 முதல் சொந்தத் தலைகள் வெளியிட்டார்கள். நடுவில் சங்கு இருக்கும். விலை அணாவில் இருக்காது, சக்கரத்தில் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1951இல் அந்த ஏற்பாடு இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது. செங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளில் சங்குத் தலை ஒட்டிய உறை கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு, முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரத்திலும் புரோநோட்டிலும் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ரெவின்யூ ஸ்டாம்பு. அது வேறு வகை. ராஜா தலை போட்ட சில ஸ்டாம்புகளில் தபாலுக்கும் ரெவின்யூவுக்கும் சேர்த்தே பெயர் அச்சிட்டிருப்பார்கள், இரண்டுக்கும் பயன்பட்டவை. எதுவானாலும் பத்திரத்திலிருந்து உரிக்காதீர்கள். நிலத்துக்கு அது இன்னும் ஆவணமாக இருக்கலாம்.

வயதைக் கண்டுபிடிப்பது

இதில்தான் எனக்கு அதிக சந்தோஷம். சின்ன வயதில் தலையின் படத்தை மட்டும் பார்த்தேன். இப்போது விலையையும் முத்திரையையும் படிக்கிறேன்.

இந்தியத் தலையில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அந்த மாதம் முதல் தேதிதான் தசமக் காசு வந்தது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. பிறகு 'நயா' போய்ப் பைசா மட்டும் நின்றது. ராஜா ராணி முகம் என்றால் விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, பிறகு ஆறாம் ஜார்ஜ். சுதந்திர இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21இல் வந்தது. மூன்றரை அணா, தேசியக் கொடி, 'ஜெய் ஹிந்த்'. அது உங்கள் ஆல்பத்தில் இருந்தால் நல்ல தொடக்கம்.

1971, 72 கடிதங்களில் வழக்கமான தலையோடு கூட ஐந்து பைசாவுக்கு ஒரு குட்டித் தலை ஒட்டியிருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேல் அகதிகள் நிவாரணம் என்று அச்சிட்டிருப்பார்கள். வங்காள தேசப் போரின்போது வந்த அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் கடைசி வரை அதையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. எங்கோ வங்காள எல்லையில் முகாமில் இருந்தவர்களுக்காக நம் ஆச்சிமார்கள் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் கடிதத்துக்கு ஐந்து பைசா கொடுத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் ஓர் உறையில் பார்த்துப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முத்திரையைப் படிக்கப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். பழைய முத்திரைகளில் திருநெல்வேலி 'டின்னவெல்லி' என்று இருக்கும். பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த உறை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. திருநெல்வேலி 627001, பாளை 627002 என்று நாம் எழுதும் எண்கள் அப்போதுதான் பிறந்தன. உறையைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். வந்து சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும்.

வெளிநாட்டுத் தலைகளில் நாடு தெரியாமல் விழித்ததுதான் நம் இளமைக் காலம். ஹெல்வெடியா என்றால் சுவிட்சர்லாந்து. சுவோமி பின்லாந்து. மாகியார் ஹங்கேரி. போல்ஸ்கா போலந்து. நாட்டின் பெயரே இல்லாமல் ராஜா அல்லது ராணி தலை மட்டும் மூலையில் இருந்தால் பிரிட்டன்; 1840இல் உலகத்தின் முதல் தபால்தலையை வெளியிட்ட நாடு என்பதால் இன்றுவரை பெயர் போடாமலே நடத்துகிறார்கள். இலங்கைத் தலையில் ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று இருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஸ்ரீ லங்கா. அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன் என்ற பெயர்களில் விண்வெளியும் பூனையும் ஓவியங்களுமாகப் பளபளவென்று தலைகள் நம் எல்லோரிடமும் இருக்கும். அவை பின்னால் ஐக்கிய அரபு அமீரகத்தில் சேர்ந்த சிறு நாடுகள். அந்தத் தலைகளில் பெரும்பாலானவை எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாமல், சேகரிப்பவர்களுக்கென்றே முத்திரை குத்தி விற்கப்பட்டவை. மூலையில் அளந்து வைத்த மாதிரி முத்திரை, பின்பக்கம் பசை அப்படியே: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அதுதான். விலை இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களை நான் எடுத்துவிடவில்லை. ரெண்டு கோலிக்குப் பண்டமாற்றிய தலைகள் அவை.

ஊற வைத்து எடுப்பது

வெட்டலாம் என்று முடிவு செய்த சாதாரணத் தலைகளுக்கு மட்டும் இது. ஒட்டாத புதுத் தலை, பின்பக்கம் பசை உள்ள தலை எதையும் தண்ணீரில் போடக் கூடாது. பசை போனால் புதுத் தலையின் மதிப்பும் போய்விடும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் இக்காலத் தலைகள் தண்ணீருக்கு அசையாது. அவற்றைத் தாளோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீர் இரண்டு விரற்கடை. வெந்நீர் வேண்டாம். சிவப்பு, பச்சைத் தாளில் ஒட்டிய தலைகளைத் தனித் தட்டில் போடுங்கள். சாயம் இறங்கிப் பக்கத்துத் தலையையும் கெடுத்துவிடும். தலை மேலே பார்க்கும்படி மிதக்க விட்டு இருபது நிமிஷம் போல விட்டுவிடுங்கள். இந்த இருபது நிமிஷம் பொறுக்க முடியாமல்தான் சின்ன வயதில் பாதித் தலைகளைக் கிழித்தோம். நேரம் ஆனதும் தாளின் ஓரம் முதலில் சுருளும். அப்புறம் ஒரு மூலையில் மெல்லிய இடைவெளி தெரியும். விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கும். அந்த நேரத்தில் தலையை இழுக்காமல், அடியில் உள்ள தாளை மெதுவாகச் சாய்த்து உருவினால் தலை தானாக நழுவி வந்துவிடும். வரவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிஷம். வந்ததும் வேறு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, பின்பக்கத்துப் பசையை விரல் நுனியால் நீவிவிடுங்கள்.

காயப் போட வெள்ளைத் தாள் அல்லது மை ஒற்றும் தாள். செய்தித்தாள் வேண்டாம்; அதன் மை ஏறும். முகம் கீழே, முதுகு மேலே. ஃபேன் வேகத்தைக் குறைத்து வையுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். பாதி காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, ஒரு கனத்த அகராதியின் அடியில் ராத்திரி முழுக்க விட்டால் காலையில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்

நிறைய வேண்டாம். முனை தட்டையான, வரிகள் இல்லாத ட்வீசர் ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் கூர்முனை இடுக்கி தலையைக் குத்திவிடும். கருப்புப் பக்கம் உள்ள ஸ்டாக் புக் ஒன்று. தலையை ஒட்டாமல் செருகி வைப்பது. லென்ஸ் ஒன்று. பல்லின் எண்ணிக்கையை அளக்கும் அளவுகோல் பின்னால் வாங்கலாம். இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை ஓட்டை என்பதுதான் அந்தக் கணக்கு.

செல்லோடேப், ஃபெவிகால், சோற்றுப் பசை மூன்றும் வீட்டில் இருக்கட்டும், ஆல்பத்தின் பக்கம் வர வேண்டாம். மெழுகு வாசனை அடிக்கும் மலிவான பிளாஸ்டிக் உறை ஆல்பங்களும் வேண்டாம். நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக் தலையின் மையை உரித்துத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும். பழைய ஆல்பத்தில் ஒட்டிப்போன தலைகளைப் பிய்க்காமல், பக்கத்தையே வெட்டித் தண்ணீரில் போட்டு எடுத்தேன். முத்திரை விழுந்த தலைகள் நன்றாக வந்தன.

எதைச் சேர்ப்பது

உலகம் முழுவதையும் சேர்க்க நினைத்தால் மூன்று மாதத்தில் அலுத்துவிடும். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நெல்லைச் சீமை முகங்கள். பாரதி 1960. கப்பலோட்டிய வ.உ.சி. 1972, அவர் பிறந்த நூற்றாண்டுக்கு. கயத்தாறில் தூக்கிலிடப்பட்டு 200 ஆண்டு நிறைந்த 1999இல் கட்டபொம்மன். இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட கால்டுவெல் 2010. கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் 2015. பூலித்தேவரின் படைத்தலைவர் ஒண்டிவீரன் 2022. பெரிய செலவில்லாமல் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு அந்தந்த ஊருக்கு ஒரு நாள் போய்வந்தேன். கயத்தாறு நினைவிடத்துக்குப் போன அன்று, கட்டபொம்மன் தலையை ஒரு போஸ்ட் கார்டில் ஒட்டி அங்குள்ள தபால் ஆபீஸிலேயே எனக்கு நானே போட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாவிடம், "கொஞ்சம் தெளிவா முத்திரை விழுற மாதிரி குத்தித் தாங்கம்மா" என்று கேட்டேன். கையாலேயே பார்த்து நிதானமாகக் குத்திக் கொடுத்தார். கேட்டால் செய்வார்கள், கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

உங்களுக்கு ரயிலோ பறவையோ பிடித்திருக்கலாம். காந்தியைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2011இல் கதர்த் துணியிலேயே அச்சிட்ட காந்தி தலை நம் நாட்டில் வந்தது. 2006இல் சந்தன வாசனைத் தலை வந்தது, பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் விடமாட்டார்கள்.

புதுத் தலைகளுக்குத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைப் பிரிவு பற்றிக் கேளுங்கள். தபால்தலை வைப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. குறைந்தது 200 ரூபாய் கட்டி, எந்த வகைத் தலை எத்தனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், வெளிவர வெளிவர வீட்டுக்கு அனுப்புவார்கள், பணம் கணக்கில் கழியும். வீட்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்குள் பிள்ளை இருந்தால் அவர்கள் பெயரில் தொடங்குங்கள். தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற திட்டத்தில், தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு வினாடி வினாவும் செயல்திட்டமும் வைத்து வருஷத்துக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள். 2017இல் தொடங்கியது. பள்ளியில் தபால்தலைக் குழு இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

மழையும் பூச்சியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் ஆல்பத்துக்குள் இறங்கும். குற்றாலச் சாரல் அடிக்கும் ஊர்களில் ஆனி, ஆடியிலும் இதே பாடுதான். அந்தப் பழுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். படுத்தால் கனத்தில் பசை ஒட்டும். வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பெட்டிக்குள் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை ஆல்பத்தை எடுத்துப் பக்கங்களை விசிறிவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைத் தலைகள் நடுவில் போடுபவர்கள் உண்டு, வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிற ஆல்பத்தில் பூச்சி தங்காது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் மறக்க மாட்டோம். தாமிரபரணிக் கரையில் இருந்த எத்தனை வீடுகளில் கீழ்த்தட்டுத் தாள் எல்லாம் போனது. என் நண்பர் ஒருவரின் ஸ்டாக் புக் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. அவர் செய்த நல்ல காரியம், பிரித்து இழுக்காமல் இருந்தது. நல்ல தண்ணீர் நிறைந்த வாளியில் அப்படியே இறக்கி, பக்கங்கள் தானாக விடும் வரை பொறுத்தார். முத்திரை விழுந்த தலைகளில் பெரும்பகுதி தப்பியது. புதுத் தலைகள் பசை இழந்தன. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஆல்பம் மேல் தட்டில்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் படம் எடுத்து வைக்கும் பழக்கமும் அப்போதுதான் வந்தது.

மற்றவர்களுக்குக் காட்டுவது

அந்தப் படங்கள்தான் இணையத்தில் பகிர்வதற்கும் முதல் படி. ஸ்கேனர் இருந்தால் உறைக்கு 300 புள்ளி அடர்த்தி (டிபிஐ), தனித் தலைக்கு 600. பின்னால் கருப்பு அட்டை வைத்தால் பற்கள் தெளிவாகத் தெரியும். போன் என்றால் காலை ஒன்பது மணி வாக்கில் ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து. உறைக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எடுங்கள். படத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, எங்கே கிடைத்தது, யார் சொன்ன தகவல் என்று இரண்டு வரி சேருங்கள். தலையை அடையாளம் காண கோல்னெக்ட் போன்ற இணையப் பட்டியல்கள் உதவும். நாடு, ஆண்டு, விலை கொடுத்தால் படத்தோடு காட்டும்.

முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ போடும்போது, ஐம்பது தலைகளை ஒரே படத்தில் பரப்பி வைக்காதீர்கள், யாரும் நின்று பார்ப்பதில்லை. ஓர் உறை, அதன் கதை நாலு வரி. தெரியாத ஒன்றைக் கேள்வியாக வையுங்கள்: இந்த முத்திரையில் இருக்கும் எழுத்து என்ன, இந்த மூலையில் உள்ள பென்சில் எண் எதற்கு. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தமிழிலேயே எழுதுங்கள். மலேசியாவிலும் இலங்கையிலும் இதே சேகரிப்பில் இருக்கும் தமிழர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் நம் ஊர் முத்திரை விழுந்த உறைகள் இருக்கின்றன.

உயிரோடு இருப்பவர்களின் முகவரியை மறைத்துவிட்டுப் போடுங்கள். உள்ளே இருக்கும் கடிதத்தை வீட்டாரிடம் கேட்காமல் போடக் கூடாது. அது நம்முடைய தாள்தான், ஆனால் நமக்கு எழுதியது அல்ல. என் அத்தை ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, "இது வேண்டாம்ப்பா" என்றாள். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

தலை மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்ததும் சின்னதாகத் தொடங்குங்கள். பத்துக்குப் பத்து. கிழிசல், பல் உடைந்தது, பின்பக்கம் மெலிந்தது எதுவாக இருந்தாலும் முன்னாலேயே படத்தோடு சொல்லிவிடுங்கள். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். உள்நாட்டுக்குள் ரிஜிஸ்டர் போஸ்ட் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால் அதில்தான் அனுப்ப வேண்டும். முத்திரை குத்திய உறை வேண்டுமென்றால் எதிராளியை அழகான தலை ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். வருகிற உறையும் ஒரு சேகரிப்புதான். புது ஊர்களிலிருந்து கார்டு வர வேண்டும் என்பவர்கள் போஸ்ட்கிராஸிங் என்ற இணையதளத்தைப் பாருங்கள். 2005 முதல் நடக்கிறது, நீங்கள் ஒருவருக்கு அனுப்பினால் வேறொருவரிடமிருந்து உங்களுக்கு வரும்.

விலை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆல்பத்தைக் காட்டியதும் எல்லோரும் கேட்பது, லட்சக் கணக்கில் போகுமா என்பதுதான். 1948 காந்தி வரிசையில் பத்து ரூபாய்த் தலைக்கு மேல், அரசு உபயோகத்துக்கென்று 'சர்வீஸ்' என அச்சிட்டது வெறும் நூறுதான். அதில் நாலு தலை சேர்ந்த துண்டு 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது. அதே வரிசையின் ஒன்றரை அணாத் தலை எங்கும் கிடைக்கும். காந்தி பத்து ரூபாய்த் தலைக்குப் போலிகள் ஏராளம், எனவே தெரிந்தவர் பார்க்காமல் வாங்க வேண்டாம். 'பழைய ஸ்டாம்புக்கு லட்சம் தருகிறோம்' என்று விளம்பரம் வரும். பேசினால் பதிவுக் கட்டணம், வரி, ஜிஎஸ்டி என்று நம்மிடம் பணம் கேட்பார்கள். வாங்குகிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். பள்ளிக்கூட நாளில் சேர்த்த ஆல்பங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சந்தை விலை அதிகம் இல்லை. இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் மனசு நிம்மதியாகப் பார்க்கத் தொடங்கும்.

கம்பியிலிருந்து தப்பிய ஓர் உறை பற்றி இப்போது சொல்கிறேன். பஞ்சாங்கத்துக்குள் ஒளிந்திருந்ததால் என் கத்தரிக்கோலுக்குத் தப்பியது. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்தியத் தலை, அதன் மேல் 'பர்மா' என்று கருப்பில் அச்சு. 1937 ஏப்ரல் 1இல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தபோது, சொந்தத் தலை வரும் வரை நம் தலைகளிலேயே இப்படி அச்சிட்டு ஓட்டினார்கள். முன்பக்கம் ரங்கூன் முத்திரை, பின்பக்கம் அம்பாசமுத்திரம் முத்திரை. இரண்டுக்கும் நடுவில் எட்டு நாள். மூலையில் அனுப்பியவர் முகவரி, மொகல் தெரு.

இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டு, இந்தத் தெரு இப்போதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒருவர் எழுதினார். அவருடைய அப்பாவும் அதே தெருவில் இருந்தவராம்; தெரு இருக்கிறது, இப்போது அதன் பெயர் ஷ்வே பொந்தா தெரு என்றார். அவர் சொன்னதை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு, உறைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.